“ஸ்கேனில் நன்றாக இருக்கிறதே, அப்புறம் எதற்கு டாப்ளர்?”

கேள்வி: என் கணவருக்கு 5 மாதத்துக்கு முன் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்தது, நாத்தனார்தான் கொடுத்தார். கிரியாட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவின் அளவு) 1.2-ல் இருந்தது. இப்போது மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் 170-க்குக் கீழே இறங்கவில்லை. போன வாரம் நாலாவதாக டெல்மிசார்டன் சேர்த்தார்கள், கிரியாட்டினின் 1.9 ஆகிவிட்டது. ஸ்கேனில் கிட்னி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். புதுக் கிட்னியை உடம்பு ஏற்கவில்லையா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: மெஷின் ஒன்றுதான், தடவுகிற ஜெல்லும் அதேதான், ஆனால் பார்க்கிற விஷயம் வேறு. முதல் ஸ்கேன் கிட்னியின் அளவையும், நீர் அடைத்திருக்கிறதா, சுற்றிலும் ஏதாவது தேங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்தது. டாப்ளர் பார்ப்பது உள்ளே ஓடுகிற ரத்தத்தை. தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, ரத்தக்குழாய் சுருங்கிய இடத்திலும் அதே கதைதான், ரத்தம் வேகமெடுக்கும், அந்த வேகத்தைத்தான் டாப்ளர் அளக்கிறது.

புதுக் கிட்னியின் தமனியை அடிவயிற்றில் காலுக்குப் போகும் பெரிய தமனியோடு தைத்திருப்பார்கள். அந்தத் தையல் பக்கத்தில் சிலருக்குச் சுருக்கம் விழும், பெரும்பாலும் 3 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள். ரத்தம் குறைவாக வந்தால் கிட்னி உடம்பு முழுக்கவே பிரஷர் இறங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு ரெனின் என்ற சுரப்பை விட்டு பிரஷரை ஏற்றிக்கொண்டே போகும். எனக்கு உங்கள் கடிதத்தில் கண்ணில் பட்டது பிரஷரைவிட அந்த நாலாவது மாத்திரைதான், ஏனென்றால் வரத்து குறைந்த கிட்னி, ரத்தம் வெளியேறும் நுண்குழாயை இறுக்கிப் பிடித்துத்தான் வடிகட்டிக்கொண்டிருக்கும், டெல்மிசார்டன் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும், கிரியாட்டினின் ஏறும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஆனால் இந்த 1.9-ஐ டாக்டரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

டாப்ளரில் தமனிக்குள் வேகம் நொடிக்கு 250 செ.மீ.க்கு மேல் போனால் சந்தேகம் வரும், 300-ஐத் தாண்டினால் இன்னும் வலுக்கும். கூடவே சுருக்கத்தைத் தாண்டி கிட்னிக்குள் போகும் ரத்தத்தின் துடிப்பு மெதுவாக ஏறி மழுங்கித் தெரியும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் நம்பலாம். ஆபரேஷன் முடிந்த புதிதில் வீக்கத்தாலோ குழாயின் வளைவாலோ வேகம் கூடித் தெரிந்து பிறகு தானாக இறங்குவதும் உண்டு. அதனால் அப்போது எடுத்த டாப்ளர் ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். இந்த ஸ்கேனில் எடுப்பவரின் கைப்பழக்கம் ரொம்ப முக்கியம், மாற்றுக் கிட்னி பார்த்துப் பழகியவரிடம் எடுப்பது நல்லது. கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது. சிடி ஆஞ்சியோவுக்கு நேராகப் போகாமல் இதை முதலில் கேட்பதே, அதில் ஏற்றும் சாய மருந்து கிட்னிக்குச் சுமை ஆகலாம் என்பதால்தான்.

உடம்பு ஏற்கவில்லையா என்று கேட்டீர்கள். அதை டாப்ளர் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் ‘ஆர்.ஐ.’ என்று ஒரு எண் இருக்கும், கிட்னிக்குள் ரத்த ஓட்டத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதைக் காட்டுவது, அது 0.8-க்கு மேல் போனால் நிராகரிப்பாகவும் இருக்கலாம், வேறு பாதிப்பாகவும் இருக்கலாம், ஏன், ஸ்கேன் கருவியை வயிற்றில் அழுத்திப் பிடித்தாலே கொஞ்சம் ஏறும். அந்தக் கேள்விக்குப் பதில், கிட்னியில் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில்தான். சுருக்கம்தான் என்று உறுதியானால் தொடை வழியாகப் பலூன் விட்டு விரித்து, மறுபடி சுருங்காமல் தாங்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைப்பார்கள்.

கேள்வி: மாற்றுக் கிட்னியில் பயாப்ஸி எடுத்த பிறகு டாப்ளரில் ‘ஃபிஸ்டுலா’ என்று எழுதியிருக்கிறார்கள். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா என் கையில்தானே இருக்கிறது?
- வாசகர், சேலம்

பதில்: ஃபிஸ்டுலா என்றால் தமனியும் சிரையும் நேராக இணைவது. கையில் இருப்பது டயாலிசிஸுக்காக டாக்டர் வேண்டுமென்றே போட்டது, இது ஊசி போன வழியில் தமனியும் சிரையும் தற்செயலாக ஒட்டிக்கொண்டது. பெரும்பாலானவை தானாகவே மூடிவிடும், நடுவில் ஒரு டாப்ளர் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். சிறுநீர் சிவந்து வந்தாலோ பிரஷர் ஏறினாலோ மட்டும் அந்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.