ஜவுளிக்கடையில் உட்காரும் உரிமை: உங்கள் தங்கைக்காக

வணக்கம். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் உங்கள் தங்கை, ஆளில்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்ததற்கு அரைநாள் சம்பளத்தைப் பிடித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனது கனத்துப்போனது. என் அம்மாவும் இப்படி நின்றே காலில் நரம்பு சுருண்டு அவதிப்பட்டவர்.

முதலில் ஒன்று. உட்காருவது முதலாளி தரும் சலுகை இல்லை, சட்டம். 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பதுதான் அது. கேரளா 2018லேயே இதைச் செய்துவிட்டது. ஆனால் வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதும் உட்காரலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. கடைக்காரர் அதைத்தான் பிடித்துக்கொள்வார், கவனம்.

'ஸ்டூல் போட்டிருக்கிறோமே' என்றும் சொல்வார்கள். போட்டுவிட்டு உட்கார்ந்தால் தண்டிப்பது சட்டத்தின் நோக்கத்தையே கெடுப்பது. சம்பளம் பிடித்த தேதி, தொகை, சொன்ன காரணம் எல்லாவற்றையும் தங்கையை உடனே எழுதிவைக்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போக பயமாக இருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

சாப்பாட்டு இடைவேளையும் கேளுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு அதே சட்டத்தில் இருக்கிறது.