வெளி அலமாரியில் இருந்த இன்சுலினைப் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையும் இரவும் 30/70 இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர் மருந்துக்கடையில் சென்ற மாதம் இன்சுலின் குப்பியை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்காமல் வெளி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மாத்திரையும் வேறு பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "எல்லாம் ஒன்றுதாம்மா" என்று கடையில் இருந்த பையன் சொன்னான். இரண்டு வாரமாக வெறும் வயிற்றில் சர்க்கரை 250-க்குக் கீழே இறங்கவில்லை. மருந்துதான் காரணமா? (வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தக் குப்பியை இனிப் பயன்படுத்த வேண்டாம். ஆனால் அதற்காக இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்திவிடாமல், ஃபிரிட்ஜில் வைத்து விற்கும் கடையில் இன்றே வேறொரு குப்பி வாங்கித் தொடருங்கள்.

இன்சுலின் ஒரு புரதம். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருந்தால்தான், மேலே அச்சிட்ட காலாவதி தேதிவரை அதன் வீரியம் நிற்கும். திறந்த பிறகு, வெப்பம் 25, 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் பெரும்பாலான வகைகளை ஏறத்தாழ நான்கு வாரம் பயன்படுத்தலாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ் உள்ள அலமாரி எவ்வளவு சூடாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வெப்பத்தில் வீரியம் இழந்த இன்சுலின் பார்வைக்குப் பெரும்பாலும் நல்ல இன்சுலினைப் போலவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. உள்ளங்கைகளுக்கு இடையே மெதுவாக உருட்டிய பிறகும் கட்டி தட்டியிருந்தாலோ, குப்பியின் சுவரில் ஒட்டியிருந்தாலோ அது கெட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். அப்படி எதுவும் தெரியாததாலேயே அது நல்லது என்று சொல்லிவிட முடியாது. உறைந்துபோன இன்சுலினும் பயன்படாது என்பதால், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். வாங்கிவரும் வழியில் பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டவும் வைக்காதீர்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால், தண்ணீரில் நனைத்த மணலுக்குள் சிறு மண்கலயத்தைப் பதித்து, அதில் குப்பியை வைத்து நிழலில் பாதுகாக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய குப்பி வேலை செய்யவில்லை என்று நீங்களாகவே அளவைக் கூட்டியிருந்தால், புதிய குப்பிக்கு மாறும்போது அந்தக் கூட்டிய அளவைப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மருத்துவர் எழுதிய அளவுக்கே திரும்புங்கள். குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் என்று இருக்கிறதா, 100 யூனிட் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சும் 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் தருவதே வழக்கம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்தால், இரண்டரை மடங்கு மருந்து உடலுக்குள் போய்விடும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். வணிகப் பெயர் வேறாக இருப்பதாலேயே மருந்து தவறாகிவிடாது. மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலையில் கிடைப்பவையும் அதே மூலப்பொருள் கொண்டவைதான். ஆனால் அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மூலப்பொருளின் பெயர், மில்லிகிராம் அளவு, மெதுவாகக் கரையும் வகையா என்ற குறிப்பு ஆகிய மூன்றும் சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு பெயர்களும் காதுக்கு ஒன்றுபோல ஒலித்தாலும், முன்னது சர்க்கரைக்கு, பின்னது நுண்கிருமித் தொற்றுக்கு. கிளிமிப்பிரைடு 1 மில்லிகிராமுக்குப் பதில் 2 மில்லிகிராம் வந்துவிட்டால், அதைச் சாப்பிட்டவர் மயங்கி விழக்கூடும். மருத்துவர் பெயர் குறிப்பிட்டு எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தாமாக மாற்றித் தரக்கூடாது என்பது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளிலேயே உள்ளது.

அந்த விதிகளின்படி, சீட்டுக்குத் தரும் மருந்துகளைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் தர வேண்டும். இன்சுலின் போன்றவற்றை விற்க 21-ஆம் எண் படிவ உரிமமும் தேவை. சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, அதற்குரியவர் இல்லாமல் நடக்கும் கடைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. "மருந்தாளுநர் இருக்கிறாரா?" என்று கேட்க நீங்கள் தயங்கவே வேண்டாம். மாத்திரையைப் பிரித்துத் தந்தால், தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பக்கம் உங்களிடம் வருமாறு வெட்டித் தரச் சொல்லுங்கள். பில்லையும் வாங்கி வைத்திருங்கள். அந்தக் குப்பியையும் பில்லையும் தூக்கிப் போடாமல், உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

புதிய குப்பிக்கு மாறிய பின் மூன்று நாட்கள் காலையிலும் இரவு உணவுக்கு முன்பும் சர்க்கரையைப் பார்த்து எழுதி வையுங்கள். அப்போதும் குறையவில்லையென்றால், அந்தக் குறிப்போடும் மாத்திரை அட்டையோடும் உங்கள் மருத்துவரிடம் செல்லுங்கள். இடையில் வாந்தி, மூச்சுவாங்குதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தோன்றினாலும் மூன்று நாள் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.