கேப் பிரெட்டன் மலைப்பாதைக்கு 78,000 டொலரில் சொந்த ஆர்.வி தேவையா?

கேள்வி: எனக்கு 57 வயது, மனைவிக்கு 54. ஸ்காபரோவில் சொந்த வீடு, மோட்கேஜ் போன வருடம்தான் கட்டி முடிந்தது. பிள்ளைகள் இருவர், மூத்தவர் பல்கலைக்கழகத்தில், இளையவர் உயர்பள்ளியில். நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவில் இருக்கும் கேபட் ட்ரெயில் மலைப்பாதையை ஒரு முறையாவது வீட்டையே கூட்டிக்கொண்டு சுற்றிவர வேண்டும் என்பது எங்களின் பத்து வருட ஆசை. ஒரு டீலரிடம் 2019ஆம் ஆண்டின் 24 அடி சி கிளாஸ் ஆர்.வி (படுக்கை, சமையலறையோடு கூடிய மோட்டர்ஹோம்) ஒன்றைப் பார்த்திருக்கிறோம். விலை 78,000 டொலர், வரி தனி. வீட்டின் மேல் உள்ள லைன் ஒஃப் கிரெடிட்டில் 6.2 வீத வட்டிக்கு முழுவதையும் எடுக்கலாம் என்று வங்கியில் சொல்கிறார்கள். மாதம் 455 டொலர்தான் வரும். டீலர் 20 வருடக் கடனும் தருகிறார். மச்சான் பாதிப் பங்கு போடவும் தயார். டி.எஃப்.எஸ்.ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 41,000 இருக்கிறது. வருடத்தில் எனக்கு மூன்று வார லீவு. எந்த வழியில் வாங்கினால் நல்லது? சனிக்கிழமைக்குள் 1,000 டொலர் முன்பணம் கேட்கிறார்கள்.

பதில்: எந்த வழியில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் இந்த வருடம் எந்த வழியிலும் வாங்க வேண்டாம் என்பதுதான். ஆனால் கேப் பிரெட்டனுக்குப் போங்கள், அதுவும் ஆர்.வியிலேயே போங்கள்.

முதலில் அந்த 455 டொலரைப் பார்ப்போம். 78,000க்கு 13 வீத விற்பனை வரி (எச்.எஸ்.டி) 10,140. ஆக நீங்கள் எடுக்கப்போவது 88,140 டொலர். அதற்கு 6.2 வீதம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 5,465, மாதத்துக்கு 455. கணக்குச் சரி. ஆனால் அது வெறும் வட்டி. ஐந்து வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டினாலும், உங்கள் 62ஆவது வயதில் அதே 88,140 அப்படியே நிற்கும். மோட்கேஜ் கட்டும்போது ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் முதலும் கரைந்தது. இதில் நீங்களாகக் கரைத்தால்தான் உண்டு. போதாததற்கு வட்டியும் நிலையானதல்ல, வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைம் ரேட் ஏறினால் கூடவே ஏறும்.

வட்டி மட்டுமா? உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில் காப்புறுதிக்கு 1,500 கேட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். குளிர்காலத்தில் நிறுத்திவைக்க இடவாடகை 900 என்று வையுங்கள். வீட்டு ட்ரைவ்வேயில் விடலாம் என்று நினைத்தால், முதலில் நகரசபை விதியைப் பாருங்கள். பல இடங்களில் இந்த அளவு வண்டியை முன்பக்கம் நாள்கணக்கில் விடமுடியாது. டயர், பேட்டரி, கூரை ஒட்டுகள், பனிக்கு முன் குழாய்களில் அந்த இளஞ்சிவப்பு அன்டிஃப்ரீஸ் ஓடவிடுவது எல்லாம் சேர்த்து 1,800. இனி எல்லாவற்றிலும் பெரியது தேய்மானம். ஐந்து வருடம் கழித்து இந்த வண்டி 50,000க்குப் போனால் நல்ல விலை என்பேன். வரியோடு கொடுத்த 88,140இல் 38,140 காற்றோடு போகிறது, அதாவது வருடத்துக்கு 7,628.

கூட்டினால் வருடத்துக்கு 17,293 டொலர். இன்னும் ஒரு லீட்டர் பெற்றோல் அடிக்கவில்லை.

இனி இரவுகளை எண்ணுங்கள். மூன்று வார லீவு முழுவதையும் இதற்கே கொடுத்து, இரண்டு நீண்ட வார இறுதியையும் சேர்த்தாலும் 25 இரவு. ஒரு இரவுக்கு 692 டொலர் விழுகிறது. அந்தக் காசுக்கு கேபட் ட்ரெயிலில் உள்ள இங்கோனிஷில் கடலைப் பார்த்த நல்ல ஹோட்டல் அறையே எடுக்கலாம்.

வாடகைக்கு எடுத்தால் எப்படி? ரொறன்ரோவிலிருந்து கேபட் ட்ரெயிலின் தொடக்க ஊரான பாடெக் வரை ஒருவழியே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஆர்.வியோடு ஓடினால் போக மூன்று நாள், வர மூன்று நாள். லீவில் ஆறு நாளை 401இலும் கியூபெக் நெடுஞ்சாலையிலும் கொட்டிவிட்டு, மலைக்கு வந்து சேரும்போது முதுகு பிடித்திருக்கும். இதே 24 அடி வண்டி 100 கிலோமீட்டருக்கு 22 லீட்டர் குடிக்கும் என்று வைத்தால், சுற்றுப்பாதையோடு 4,600 கிலோமீட்டருக்கு 1,000 லீட்டருக்கு மேல். லீட்டர் 1.50 என்றால் பெற்றோலுக்கே 1,500 டொலர். அதனால் ஹலிஃபக்ஸுக்குப் பறந்துபோய், அங்கே வண்டி எடுங்கள். அங்கிருந்து பாடெக் 350 கிலோமீட்டர் போல, கேபட் ட்ரெயில் சுற்று 298 கிலோமீட்டர். அலைச்சலையும் சேர்த்து 1,300 கிலோமீட்டரில் முடியும்.

பத்து இரவு, இரவுக்கு 230 டொலர் என்றால் 2,300. கிலோமீட்டருக்கு 45 சதம் வீதம் 585. நோவா ஸ்கோஷியாவின் 14 வீத வரி சேர்த்து 3,289. பெற்றோல் 450க்குள். முகாம் இடம் இரவுக்கு 45 வீதம் 450. நான்கு விமானச் சீட்டு, தலா 400 என்றால் 1,600. மொத்தம் 5,800 டொலர். உங்களிடம் கையில் இருக்கும் காசு இது. டி.எஃப்.எஸ்.ஏயில் இருந்து எடுத்தால் வரி இல்லை, எடுத்த தொகையை மீண்டும் போடுவதற்கான இடமும் அடுத்த ஜனவரியில் திரும்பிவிடும். ஆர்.ஆர்.எஸ்.பி என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் மட்டும் கைவைக்காதீர்கள். 15,000க்கு மேல் எடுத்தால் அந்த இடத்திலேயே 30 வீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள், போன இடமும் திரும்பக் கிடைக்காது.

வண்டிக்கு மட்டும், கிலோமீட்டர் காசும் வரியும் சேர்த்து, வாடகை இரவுக்கு 329. சொந்த வண்டி இதற்குச் சமமாக வேண்டுமென்றால் நீங்கள் வருடத்தில் 53 இரவு அதில் படுக்க வேண்டும். வேலையில் இருக்கும்வரை அது நடக்காது. ஓய்வு பெற்ற பிறகு நடக்கலாம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

டீலரின் 20 வருடக் கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 8.5 வீதம் என்று வைத்தால் மாதம் 765 டொலர். 20 வருடத்தில் கட்டும் மொத்தம் 183,000க்கும் மேல். ஐந்தாம் வருட முடிவில், 46,000 டொலருக்கு அருகில் கட்டிய பிறகும், 77,700 பாக்கி இருக்கும்; வண்டியோ 50,000க்குத்தான் போகும். விற்றாலும் கையிலிருந்து 27,000க்கு மேல் போட்டால்தான் கடன் தீரும். உங்களுக்கு அப்போது 62. கடைசித் தவணை வரும்போது 77.

மச்சானின் பாதிப் பங்கு? மச்சானைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு குடும்பத்துக்கும் பிள்ளைகளின் பள்ளி லீவு ஒரே ஓகஸ்ட்டில்தான் வரும். வண்டி யார் பேரில் பதிவு, விபத்து நடந்தால் காப்புறுதி யாருடைய பெயரில் ஏறும், ஒருவர் விற்க நினைத்து மற்றவர் மறுத்தால் என்ன என்பதையெல்லாம் எழுத்தில் போட வேண்டும். எழுதக் கூச்சமாக இருந்தால் சேர்ந்து வாங்காதீர்கள். பிறகு கலியாண வீட்டில் முகம் கொடுத்துப் பேசவேண்டியவர்கள் நீங்கள்தான்.

‘நாங்கள் ஓட்டாத நாளில் வாடகைக்கு விட்டால் அதுவே தன் செலவைப் பார்த்துக்கொள்ளும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கேளுங்கள்: சாதாரணத் தனிப்பட்ட காப்புறுதி பொதுவாக வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது, வரும் காசு வருமானமாகக் காட்டப்பட வேண்டும், எல்லாரும் வண்டி கேட்கும் நாட்கள் உங்கள் லீவு நாட்களேதான். இது இன்னொரு பகுதிநேர வேலை. ஆசை இருந்தால் செய்யுங்கள், ஆனால் கடனை நியாயப்படுத்த அதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

சரி, வாடகைக்கு எடுப்பதிலும் காசு போகும் ஓட்டைகள் உண்டு. நானும் ஒருமுறை அனுபவித்தேன். ஒரு செப்டெம்பர், ஒரு வாடகை நிறுவனத்தில் வண்டி எடுத்தபோது பக்கங்களையெல்லாம் படம் பிடித்தேன், கூரையைப் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்தபோது பணியாளர் ஏணி வைத்து ஏறி, கூரை ஓரத்தில் மரக்கிளை உரசிய கீறல் ஒன்றைக் காட்டினார். முந்தியதா என்னுடையதா, எனக்கே தெரியாது. வைப்புப் பணத்தில் 600 டொலர் போனது. ஏணி கேளுங்கள், ஏறுங்கள், கூரையைப் படம் பிடியுங்கள்.

கடனட்டையில் வாடகைக் கார் காப்புறுதி இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். பெரும்பாலான அட்டைகள் மோட்டர்ஹோமை விலக்கியே வைத்திருக்கும். உங்கள் கார் காப்புறுதித் தரகரிடம் ஓ.பி.சி.எஃப் 27 என்ற சேர்க்கை (சொந்தமில்லாத வண்டிக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கானது) இருக்கிறதா, அது ஆர்.விக்கும் பொருந்துமா, எவ்வளவு பெறுமதி வரை என்று கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தில் பிரச்சினை இல்லை. ஒன்ராறியோ ஜி வகுப்பு 11,000 கிலோ வரை ஓட்ட விடும், இந்த வண்டி அதற்கு எவ்வளவோ கீழே.

பாதையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், காசோடு சம்பந்தம் இருப்பதால். ஷெட்டிகாமிலிருந்து வடக்கே ஃபிரெஞ்ச் மௌண்டன், மெக்கென்ஸி மௌண்டன், நோர்த் மௌண்டன் என்று கடலோரத்திலிருந்து செங்குத்தாக ஏறி, அதேபோல் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் கீழே வரும்போது எரிந்த வாசனை வரும். கியரைக் குறைத்து எஞ்சினால் வண்டியைப் பிடியுங்கள். வாடகை வண்டியின் பிரேக்கைக் காய்ச்சினால் பில் உங்களுக்குத்தான். முதல்முறை ஓட்டுபவர் கடிகாரச் சுற்றில், மேற்குக் கரையில் ஏறி இங்கோனிஷ் பக்கம் இறங்கும்படி போவது நல்லது. அப்போது நீங்கள் மலைச்சுவர்ப் பக்க லேனில் இருப்பீர்கள், கடல் பக்கம் எதிர்த் திசைக்காரருக்கு. ஷெட்டிகாம் பகுதியில் சுவெட் என்ற தென்கிழக்குக் காற்று ஒன்று மலையிலிருந்து இறங்கி அடிக்கும், மணிக்கு 200 கிலோமீட்டர் வரை போனதுண்டு. காற்று எச்சரிக்கை வந்தால் இந்தப் பெட்டி வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நாள் தேநீர் குடியுங்கள். அந்த ஒரு நாளுக்கு இடம் விட்டே பத்து இரவு என்றேன்.

அப்புறம் கோர்னி புரூக். தேசியப் பூங்காவுக்குள், கூழாங்கல் கடற்கரையை ஒட்டிய சின்ன முகாம். மின் இணைப்பு இல்லை. நாங்கள் அங்கே தங்கிய மாலை ரைஸ் குக்கரை எடுத்து வைத்து, சுவிட்சைப் போட்டு, விளக்கு எரியாததைப் பார்த்துப் பத்து நிமிடம் ஃபியூஸ் தேடினோம். வண்டியின் பேட்டரியில் விளக்கும் தண்ணீர் பம்பும் ஓடும், ரைஸ் குக்கர் ஓடாது. கடைசியில் எரிவாயு அடுப்பில் பானை வைத்துச் சோறு வடித்தோம், அலைச் சத்தத்தில். மனைவி இன்றைக்கும் அந்தச் சோற்றைத்தான் சொல்வாள். உணவையும் குப்பையையும் இரவில் வெளியே விடாதீர்கள், கரடியும் கொயோட்டியும் உள்ள இடம். மின்சாரம் வேண்டுமென்றால் ஷெட்டிகாம், புரோட் கோவ் போன்ற பெரிய முகாம்களில் இணைப்புள்ள இடம் பார்த்துப் பதியுங்கள். ஓகஸ்ட்டுக்கு என்றால் வருடத் தொடக்கத்தில் பதிவு திறந்தவுடனேயே.

இனி, ஓய்வு பெற்ற பிறகு என்ன என்ற விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பத்து நாளில் கழிவுத் தொட்டியை இரண்டு தடவையாவது நீங்களே டம்ப் ஸ்டேஷனில் காலி செய்திருப்பீர்கள், மழை நாளில் நான்கு பேர் 24 அடிக்குள் இருந்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் இருவருக்கும் ஆசை இருந்தால், அந்த 455ஐ இப்போதே மாதாமாதம் டி.எஃப்.எஸ்.ஏயில் தனிக் கணக்காகப் போடுங்கள். ஐந்து வருடத்தில் வட்டி எதுவும் சேராமலே 27,300. இருக்கும் 41,000இல் ஒரு பகுதியையும் சேர்த்து, 62இல் பத்து வயது வண்டி ஒன்றைக் காசுக்கு வாங்கலாம். அதன் பெரிய தேய்மானத்தை முதல் சொந்தக்காரர் சுமந்திருப்பார். 60இலேயே சி.பி.பி என்ற அரச ஓய்வூதியத்தை எடுத்து வண்டி வாங்கலாம் என்ற யோசனை வந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள். 65இல் கிடைப்பதில் 36 வீதம் ஆயுள் முழுக்கக் குறையும்.

சனிக்கிழமை முன்பணம் கொடுக்காதீர்கள். ‘இன்னொருவர் பார்க்க வருகிறார்’ என்று சொல்வார்கள், வரட்டும். ஒன்ராறியோவில் டீலரிடம் வாகனம் வாங்க ஒப்பந்தம் போட்டபின், மனம் மாறித் திரும்பக் கொடுக்கும் கூலிங் ஒஃப் காலம் கிடையாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா, பற்றுச்சீட்டில் திருப்பித் தரப்படும் என்று எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.