வாசகர் கேள்வி: போலி நாணயங்களை அறிவது எப்படி?

கேள்வி: செங்கோட்டைச் சந்தையில் ஒருவர் 1862ஆம் ஆண்டு விக்டோரியா வெள்ளி ரூபாயையும், இராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818ஆம் ஆண்டுக் கம்பெனிக் காசையும் விற்கிறார். வாங்கலாமா? – வாசகர், புளியரை.

பதில்: இராமர் காசு வேண்டாம்; விற்பவர் எத்தனை கதை சொன்னாலும், கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதில்லை. வெள்ளி ரூபாயை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்: அசலின் எடை 11.66 கிராம், நெடுநாள் புழங்கித் தேய்ந்தது சற்றுக் குறையலாம், மிகாது. காந்தத்தில் ஒட்டினால் போலி என்பது உறுதி. ஒட்டாவிட்டால் அசல் என்று பொருளல்ல, ஏனெனில் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டுவதில்லை. பிறகு உருப்பெருக்கியால் விளிம்பைப் பாருங்கள். வார்த்துச் செய்த போலிகளில் பெரும்பாலும் விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடும், பரப்பில் நுண்குழிகளும், மழுங்கிய எழுத்துகளும் தென்படும். புளி போட்டுத் துலக்கிப் பார்க்காதீர்கள். அசலாக இருந்தால் சேகரிப்பாளரிடம் அதன் விலை சரிந்துவிடும்.