செல்ஃப் சுற்றவில்லையா, சுற்றியும் பிடிக்கவில்லையா?

'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்ய?' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் சொல்ல முடியாது. சாவியைத் திருப்பும்போது இன்ஜின் சுற்றுகிறதா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, வயர், செல்ஃப் மோட்டார் பக்கம் தேட வேண்டும். சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் பக்கம்.

கேள்வி: பேட்டரி புதுசு, ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் டக்டக்கென்று வேகமாகச் சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். இந்த வேகமான டக்டக் பெரும்பாலும் மோட்டாரின் கோளாறு அல்ல. சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) உள்ளே இழுக்கிறது. உடனே மோட்டார் ஏகப்பட்ட கரண்டை உறிஞ்ச, வோல்டேஜ் சரிந்து சொலினாய்டு விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் உங்கள் காதில் விழும் சத்தம். அதாவது, மோட்டாருக்குப் போதிய கரண்ட் போய்ச் சேரவில்லை.

புது பேட்டரியிலும் சார்ஜ் இறங்கியிருக்கலாம். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்கும் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்ற சோதனையெல்லாம் அப்புறம். சார்ஜ் போட்டும் சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி மேலேயே சந்தேகப்படலாம்.

பேட்டரியில் வோல்டேஜ் நன்றாக நிற்கிறது, ஆனாலும் டக்டக் என்றால் வழியில்தான் எங்கோ அடைப்பு. டெர்மினல் கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள், அசையவே கூடாது. வெளியே பளபளப்பாக இருக்கும் கிளாம்பைக் கழற்றினால் உள்பக்கம் கறுத்துப் போயிருப்பது சகஜம். அடுத்து எர்த், அதாவது பேட்டரியின் மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் வயர். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் தூண் மேலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் வேண்டாம். கிளாம்ப் மேல் வைத்தால் தூணுக்கும் கிளாம்புக்கும் இடையே உள்ள கோளாறு மீட்டரில் தெரியாது. சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கவனிக்க வேண்டும். ப்ளஸ் வயருக்கும் இதே சோதனைதான். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மோட்டாரைக் கழற்றுங்கள்.

கேள்வி: டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது. சாவியைத் திருப்பினால் ஒரு சின்ன சத்தம்கூட இல்லை.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு திருப்புங்கள். வெளிச்சம் நன்றாக மங்கினால் கோளாறு பேட்டரியிலோ கனெக்ஷனிலோ மோட்டாரிலோ இருக்கலாம். துளிகூட மங்கவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாருக்கு உத்தரவே போகவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை N-க்கு (நியூட்ரல்) மாற்றி முயலுங்கள். சில மேனுவல் வண்டிகளில் கிளட்சை முழுவதும் மிதிக்காவிட்டால் செல்ஃப் எடுக்காது. சாவி படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) சாவியை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். ஸ்பேர் சாவியால் பாருங்கள். இதற்கெல்லாம் பிறகுதான் ஃபியூஸ், ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்).

கேள்வி: பைக்கில் நியூட்ரலில் செல்ஃப் எடுக்கிறது, கியரில் எடுக்கவில்லை.

சைடு ஸ்டாண்ட் சுவிட்சும் கிளட்ச் லீவர் சுவிட்சும்தான். சேறு படிந்தாலே போதும், இரண்டும் மக்கர் செய்யும்.

கேள்வி: காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தினால் செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது.

முதல் சந்தேகம், இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். சூட்டில் அதன் உள்சுருள் விட்டுப்போய், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் அது லேசாக எழும். காலையில் எழுந்த முள், சூட்டில் மட்டும் படுத்தே கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. முள் எழுந்தும் பிடிக்கவில்லையா? சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து, பின் சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் ஓரிரு நொடி பம்ப் முனகும். அது கேட்கவில்லை என்றால் பம்ப், அதன் ரிலே. கோளாறு இருக்கும்போதே ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) போட்டுப் பார்ப்பது நல்லது. ஆறிய பிறகு கொண்டுபோய்க் காட்டினால் மெக்கானிக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

கேள்வி: மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி டவுன். ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது.

ஏதோ ஒன்று திருட்டுத்தனமாகக் கரண்ட் குடிக்கிறது. மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணையுங்கள். கதவுகளைச் சாத்தி, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள், வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக வேண்டும். அதற்குப் பிறகும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் குறைகிறதோ அந்த லைன்தான். பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோ, கேமரா, டிராக்கர் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும்.

கேள்வி: தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. இன்னும் இரண்டு முறை செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் ஆபத்துதான். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். பிளக்குகளைக் கழற்றிய பிறகே மெக்கானிக் இன்ஜினைச் சுற்றட்டும்.