ஸ்வீடனைப் பார்த்து நாமும் வரி போடலாமா? நாடுகளை ஒப்பிடும் ஆய்வுகள் பற்றிக் கேள்வி பதில்

வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு, விலைவாசி சேகரிப்பு, நாடு வாரியாக அட்டவணை போடுவது என்று இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். "அந்த நாட்டுல இப்படிப் பண்ணாங்களாம், நாமளும் பண்ணலாமே" என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் என் காது நீண்டுவிடும். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். அரசியல் கட்சிகளைப் பற்றிய நாலைந்தை ஓரமாக வைத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): மேடம், நம்ம நிலவரம் நமக்குத்தானே தெரியும்? பிற நாட்டோடு ஒப்பிட்டு அரசுக்கு என்ன ஆகப்போகிறது?

அவரவர் கடைத் தராசு அவரவருக்குச் சரியாகத்தான் காட்டும். வெளியே கொண்டுபோய் நிறுத்தால்தான் முள் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கள் பள்ளிகள் உலகத்தரம் என்றுதான் அங்கே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஓ.இ.சி.டி. என்கிற, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு 2000இல் பிசா என்ற தேர்வைத் தொடங்கியது. 15 வயதுப் பிள்ளைகளுக்கு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரித் தேர்வு. 2001 டிசம்பரில் முடிவு வந்தபோது வாசிப்பில் சராசரி 500, ஜெர்மனி 484. அதைவிட உறைத்தது வேறொன்று: அப்பா அம்மாவின் படிப்பும் வருமானமும் பிள்ளையின் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது ஜெர்மனியில்தான் மிக அதிகம் என்ற வரிசையில் அது வந்து நின்றது. பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்து வேறு வேறு பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அங்கே. அதன் விளைவு உள்நாட்டுத் தேர்வுகளில் தெரியவே இல்லை, ஏனென்றால் பெரும்பாலான மாநிலங்களில் அதே வழக்கம்தான். அதன் பிறகுதான் நாடு முழுக்கப் பொதுவான கல்வித் தர அளவுகளும், மாலை வரை நடக்கும் பள்ளிகளுக்கு 400 கோடி யூரோவும் வந்தன.

கேள்வி (ஆசிரியை, திண்டுக்கல்): அக்கா, தமிழ்நாடும் அந்தப் பரீட்சை எழுதிக் கடைசியில் வந்ததாகச் சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 2009 சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பில் எழுதின. வாசிப்பில் நமக்கு 337, கணக்கில் 351, அறிவியலில் 348. எழுபத்து நாலு பட்டியலிடங்களில் நமக்குக் கீழே இருந்தவை இமாச்சலமும் கிர்கிஸ்தானும் மட்டுமே. கேள்விகள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்கு அந்நியமாக இருந்தன என்று காரணம் சொல்லி, அடுத்தடுத்த சுற்றுகளில் இந்தியா ஒதுங்கிக்கொண்டது.

அந்தக் காரணத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையும் வரைபடமும் கலந்த ஒரு அட்டவணையைப் படித்துப் பதில் சொல்வது எந்த ஊர்ப் பிள்ளைக்கும் தேவைதானே? பெரு நாட்டைப் பாருங்கள். முதல் சுற்றிலேயே வாசிப்பில் 327 வாங்கிக் கடைசி. 2012இல் மறுபடியும் கடைசி. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. ஆனாலும் தொடர்ந்து எழுதினார்கள். 2022இல் 408. இன்னும் சராசரிக்குக் கீழேதான், ஆனால் ஏறியிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே ஒரு முறை எடை பார்த்துவிட்டு மெஷினைக் குறை சொன்ன நமக்கு, ஏறினோமா இறங்கினோமா என்று அந்த அளவுகோலில் சொல்ல வழியில்லை.

கேள்வி (சுற்றுச்சூழல் ஆர்வலர், சென்னை): ஸ்வீடனில் கரிம வரி போட்டதால் புகை குறைந்தது, பொருளாதாரமும் வளர்ந்தது என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறது. அப்படியே நம்பலாமா?

நான் ரொம்ப நாள் எதிர்பார்த்த கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கரிம வரி என்றால், எரிபொருள் விடும் கரியமில வாயுவின் எடைக்கு ஏற்பப் போடும் வரி. ஸ்வீடன் அதை 1991இல் போட்டது. இன்று ஒரு டன்னுக்கு 100 யூரோவுக்கு மேல், உலகிலேயே உயர்ந்த விகிதங்களில் ஒன்று. 1990க்குப் பிறகு அந்த நாட்டின் வெளியேற்றம் கால் பங்குக்கு மேல் குறைந்தது, பொருளாதாரம் வளர்ந்தது. இரண்டும் சரி. ஆனால் இதை வைத்து "வரியால்தான் குறைந்தது" என்று சொன்னால் என் பழைய மேலதிகாரி பேனாவை எடுத்துக் கோடு போட்டுவிடுவார். ஸ்வீடனுக்கு மின்சாரம் வருவது பெரும்பாலும் நீரிலிருந்தும் அணு உலையிலிருந்தும். நகரங்களில் வீட்டுச் சூட்டுக்கு எண்ணெயை விட்டுவிட்டு மரக்கழிவுக்கு மாறினார்கள். வரி இல்லாவிட்டாலும் இதில் எவ்வளவு நடந்திருக்கும்?

வரி போடாத ஸ்வீடன் என்று ஒரு நாடு கிடையாதே! அதனால் அப்படி ஒரு நாட்டைக் கணக்கிலேயே செய்துவிட்டார்கள். யூலியுஸ் ஆண்டர்சன் என்ற பொருளியலாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இது. போக்குவரத்துத் துறையை மட்டும் எடுத்துக்கொண்டார். ஓ.இ.சி.டி. நாடுகளில், அதே காலத்தில் எரிபொருள் வரியைப் பெரிதாக மாற்றியவற்றைக் கழித்தார். பின்லாந்து போன்றவை போயின, ஏனென்றால் அங்கேயும் கரிம வரி வந்துவிட்டது. மீதி நாடுகளிலிருந்து, நம் வீட்டில் சாம்பார்ப் பொடிக்குப் பங்கு போடுவது போல, ஒரு கலவை: நூற்றுக்கு டென்மார்க் ஏறத்தாழ 38 பங்கு, பெல்ஜியம் 20, நியூசிலாந்து 18, மிச்சத்துக்குக் கிரீஸ், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து. கார் எண்ணிக்கை, பெட்ரோல் செலவு, வருமானம், நகரவாசிகளின் பங்கு ஆகியவை ஸ்வீடனோடு பொருந்தும்படி அந்தப் பங்குகள் கணக்கிடப்பட்டவை. 1990 வரை இந்தப் பொய் ஸ்வீடனின் கோடும் நிஜ ஸ்வீடனின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். அதற்குப் பிறகு நிஜக் கோடு மட்டும் கீழே இறங்கும். 2005 வரைக்குமான சராசரி ஆண்டில், போக்குவரத்துப் புகை சுமார் 11 சதவீதம் குறைவு. அதுதான் விடை.

11 சதவீதமா, இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்குவீர்கள். எனக்கோ இந்த அடக்கமான எண்மீதுதான் மதிப்பு. 1990இல் எரிபொருள்மீது 25 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து வந்தது, அதனால் இந்த 11இல் அதன் பங்கும் உண்டு. பெரும் பங்கு கரிம வரிக்கு என்பதையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். இன்னொரு விசேஷம்: சந்தையில் பெட்ரோல் ஒரு ரூபாய் ஏறினால் மக்கள் குறைத்துக்கொள்வதைவிட, வரியால் அதே ஒரு ரூபாய் ஏறினால் மூன்று மடங்கு குறைத்துக்கொண்டார்களாம். சந்தை விலை நாளைக்கு இறங்கலாம், வரி இறங்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர், திருச்சி): அப்போ எங்க பெட்ரோல் மேல இன்னும் வரி ஏத்தச் சொல்றீங்களா மேடம்?

ஐயோ தம்பி, நான் சொல்லவில்லை. நம் பெட்ரோல் விலையில் வரி ஏற்கெனவே எவ்வளவு என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

பிரான்சில் இதே வரியை ஏற்றப்போய்த்தான் 2018 நவம்பரில் மஞ்சள் மேல்சட்டை போட்ட போராட்டக்காரர்கள் ரவுண்டானாக்களில் உட்கார்ந்தார்கள். பஸ் வராத சிற்றூரில் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவர்கள் அவர்கள். அடுத்த ஜனவரியில் வரவிருந்த உயர்வை அரசு கைவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2008இல் வேறு விதமாகத் தொடங்கியது: வரி வருவதற்கு முன்பே ஆளுக்கு 100 டாலர் கையில் கொடுத்தார்கள், வருமான வரியைக் குறைத்தார்கள், டன்னுக்கு 10 டாலரில் ஆரம்பித்து 2012க்குள் 30க்கு மெதுவாக ஏற்றினார்கள். பல வருஷம் ஓடியது. அங்கேயும் பொதுமக்கள் கட்டும் அந்த வரி 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கேள்வி (வங்கி ஊழியர், சேலம்): ஒரு எக்செல் தப்பால் நாடுகளின் பட்ஜெட்டே மாறியதாகக் கேள்விப்பட்டேன். அது என்ன கதை?

கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்ற இரண்டு பெரிய பொருளியலாளர்கள் 2010இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசின் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1க்குப் போய்விடுகிறது என்று இருபது நாட்டுக் கணக்கு சொன்னது. அது சிக்கன காலம். லண்டனிலும் பிரஸ்ஸல்ஸிலும் வாஷிங்டனிலும் செலவை வெட்ட நினைத்தவர்கள் அதைக் கையில் ஏந்திக்கொண்டார்கள்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. கேட்டு எழுதினார், அவர்களும் மூலக் கோப்பை அனுப்பிவிட்டார்கள் (அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு). திறந்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் 30ஆம் வரியிலிருந்து 49 வரை போவதற்குப் பதில் 44இலேயே நின்றிருக்கிறது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் வெளியே!

எல்லாரும் எக்செலைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பெரிய தப்பாகப் பட்டது எடை போட்ட விதம். அந்தக் கணக்கில் நியூசிலாந்து 90ஐத் தாண்டியிருந்தது 1951 என்ற ஒரே வருஷம், அந்த வருஷம் வளர்ச்சி மைனஸ் 7.6. பிரிட்டன் பத்தொன்பது வருஷம் தாண்டியிருந்தது, சராசரி 2.4. இரண்டுக்கும் ஒரே எடை. அதையெல்லாம் சரி செய்து 2013இல் போட்டபோது சராசரி 2.2 ஆனது. கடன் அதிகமுள்ள நாடுகள் அப்போதும் மற்றவற்றைவிட மெதுவாகத்தான் வளர்ந்தன, ஆனால் 90இல் ஒரு பள்ளம் இருப்பதாகச் சொன்னது காணாமல் போனது.

கேள்வி (தாதி, யாழ்ப்பாணம்): அக்கா, பணக்கார நாடுகளை மட்டும்தான் பார்த்துப் படிக்க வேணுமோ? எங்கட நாட்டிலயும் ஒண்டு இருக்குத்தானே?

இருக்கிறது, அதுவும் உலகமே பார்த்த ஒன்று. 1985இல், குறைந்த செலவில் நல்ல உடல்நலம் கண்ட இடங்கள் என்று ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய ஆய்வில் சீனா, கோஸ்டாரிகா, கேரளத்தோடு இலங்கையும் இருந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு, பிறகு வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சிகள், கட்டணமில்லாத ஆஸ்பத்திரி, கூடவே பெண்களின் படிப்பு. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று உட்கார்ந்து விசாரிக்கும் வழக்கம்தான் அதில் கடையாணி. தமிழ்நாட்டிலும் அந்த இறப்புத் தணிக்கை இருக்கிறது. வருமானத்தைப் பல மடங்கு பெருக்காமலே இது நடக்கும் என்று காட்டியது இலங்கை.

கேள்வி (அங்கன்வாடிப் பணியாளர், வேலூர்): பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் தாய்க்குப் பணம் என்ற திட்டம் மெக்சிகோவில் ஆரம்பித்ததாமே?

மெக்சிகோவில் 1997இல் தொடங்கியது, ப்ரோக்ரேசா என்ற பெயரில் (பிரேசிலின் சில நகரங்களில் அதற்கு முன்பே இருந்தது). எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கக் காசில்லை. அதனால் 506 கிராமங்களில் குலுக்கல் முறையில் 320க்கு முதலில், மீதி 186க்கு ஒன்றரை வருஷம் கழித்து. அந்தத் தாமதமே ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகிவிட்டது. உயர்நிலை வகுப்பில் பெண் பிள்ளைகளுக்குத் தொகை கூடுதல், அவர்கள் சேர்வதும் கூடியது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று பரவியது.

நியூயார்க் நகரமும் 2007இல் அதைப் பார்த்து முயன்றது. சுமாரான பலன், மூன்று வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். மெக்சிகோ கிராமத்துப் பிள்ளை பள்ளிக்குப் போகாததற்குக் காரணம் வயல்கூலி, பணம் அந்தக் கூலியை ஈடுகட்டியது. நியூயார்க் பிள்ளையின் பிரச்சினை அது இல்லையே. தாய்மாருக்குப் பணம் தருவது நமக்குப் புதிதில்லை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 1987இலேயே தொடங்கியது, மெக்சிகோவுக்குப் பத்து வருஷம் முன்னால். 2018இல் அது 18,000 ரூபாய் ஆனது, ஊட்டச்சத்துப் பெட்டியையும் சேர்த்து, தவணை தவணையாக.

கேள்வி (தொழில்முனைவோர், ஓசூர்): தொழில் தொடங்க எளிதான நாடுகள் தரவரிசை என்ன ஆனது?

உலக வங்கி 2021 செப்டம்பரில் மூட்டை கட்டிவிட்டது. சீனாவின் இடம் உள்ளிருந்தே திருத்தப்பட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. இந்தியா 142இலிருந்து 63க்குத் தாவியபோது அளந்தது டெல்லியையும் மும்பையையும் மட்டுமே. ஓசூரில் மின் இணைப்புக்கு நீங்கள் எத்தனை நாள் காத்திருந்தாலும் அதில் வந்திருக்காது.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): ஒரு நாளைக்கு 3 டாலருக்குக் கீழே இருந்தால் ஏழை என்கிறார்கள். 3 டாலர் என்றால் 250 ரூபாய்க்கு மேலே ஆச்சே?

அது பேங்கில் மாற்றும் டாலர் இல்லை அம்மா. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பது இங்கே எத்தனை ரூபாய்க்குக் கிடைக்கும் என்று பார்த்தால் 20 ரூபாய் சொச்சம்தான். 2021 விலையில் அந்த 3 டாலர் கோடு 60 ரூபாய் சொச்சம். முடிவெட்டக் கூலி, வாடகை எல்லாம் இங்கே மலிவு என்பதால் இந்த வித்தியாசம்.

அந்த 20 எப்படி வருகிறது என்று கேட்டால் என் முதல் வேலையைச் சொல்லவேண்டும். கையில் பட்டியல்: வெள்ளை அரிசி, நீள ரகம், நொய் இவ்வளவுக்குள், ஒரு கிலோ. மண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொன்னியா, பச்சரிசியா, புழுங்கலா, புதுசா, பழசா? அரிசி என்ன விலைன்னா நான் என்னத்தம்மா சொல்றது?" பட்டியலில் இருந்த ரகத்தை அந்தத் தெருவில் யாரும் வாங்குவதில்லை. அதன் விலையை எழுதினால் நாங்கள் தின்னாத அரிசியால் எங்கள் செலவு ஏறும், பொன்னியை எழுதினால் அடுத்த நாட்டோடு ஒட்டாது. இரண்டையும் எழுதி ஓரத்தில் குறிப்பும் போட்டுவிட்டு வந்தேன்.

கேள்வி (அதே மதுரை அம்மா): என் மகள் புள்ளியியல் படிக்கிறாள். இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக. கணக்கோடு இன்னொரு மொழியும் படிக்கச் சொல்லுங்கள். முதல் நாளே மண்டிக்கு அனுப்பினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். பழைய பொன்னிக்கு விலை ஏன் கூட என்று அவளுக்கு நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுவீர்கள்.