ஆம்ஸ்டர்டாம் ஜன்னலுக்கு உள்ளே: ஓர் அருங்காட்சியகம் பற்றிக் கேள்வி பதில்

ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள்: "அந்தத் தெரு இங்கிருந்து பக்கமா?" பாலியல் தொழில் செய்யும் பெண்கள் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சிவப்பு விளக்குப் பகுதியைத்தான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டவர்களைக் கூட்டிக்கொண்டு, அந்தத் தொழிலைப் பற்றி அங்கேயே இருக்கும் ரெட் லைட் சீக்ரெட்ஸ் அருங்காட்சியகத்துக்கு நான்கு முறை போயாயிற்று. என் பிழைப்பு கணினியோடு. இந்த நகரத்தின் பழைய கதைகளைப் படிப்பது ஒரு கிறுக்கு. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து: அக்கா, உள்ளே அப்படி என்னதான் இருக்கு? கூச்சப்படுற மாதிரி இருக்குமா?

அவுதசைத்ஸ் ஆக்டர்பர்க்வல் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட கால்வாய்க் கரையில் ஒரு 17-ஆம் நூற்றாண்டு வீடு. 2014 பிப்ரவரியில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அதற்கு முன்னால் அதே அறைகளில் தொழில்தான் நடந்தது. அதனால் எல்லாமே ஒடுக்கம். படி ஏணி மாதிரி நிற்கும். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் ஒரு பெண் குரல் அறை அறையாகக் கூட்டிப்போகும்.

சினிமாவில் பார்த்த பட்டு மெத்தையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வேலை நடக்கும் அறை என்று காட்டுவது ஒரு குறுகின கட்டில், கை கழுவும் தொட்டி, ஓடு பதித்த சுவர், சிவப்பு விளக்கு. விளக்கை மாற்றிவிட்டால் டாக்டர் கிளினிக்கின் உள்ளறை என்பீர்கள். ஆடம்பர அறை ஒன்றும், சவுக்கு சங்கிலி மாட்டிய அறை ஒன்றும் உண்டு. கூச்சம் வருவதென்றால் அங்கே வரும். வாடிக்கையாளர்கள் மறந்து விட்டுப்போன சாமான்களை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் தங்கள் இரகசியத்தை எழுதி ஒட்டிவிட்டுப் போகும் சுவரும் இருக்கிறது. அதில் ஒருமுறை தமிழில் ஒரு சீட்டுப் பார்த்தேன். என்ன எழுதியிருந்தது என்று கேட்காதீர்கள்.

ஆனால் காசு கொடுத்ததற்கு ஈடு அங்கே இருக்கும் ஒரு முக்காலிதான். கண்ணாடிக்குப் பின்னால், சிவப்பு வெளிச்சத்தில் நீங்கள் உட்கார வேண்டும். எதிரே திரையில் தெருவில் போகிறவர்கள் வருவார்கள், நிற்பார்கள், மேலும் கீழும் பார்ப்பார்கள், பக்கத்து ஆளை முழங்கையால் இடித்துச் சிரிப்பார்கள், போய்விடுவார்கள். முதல் தடவை நான் வேடிக்கையாகத்தான் உட்கார்ந்தேன். ஒரு நிமிடத்தில் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டேன். எதிரே இருப்பது வெறும் படம் என்று தெரிந்தும் கை தானாகப் போயிற்று.

கோவையிலிருந்து: மாமனார் மாமியாரோட வர்றோம், பத்து வயசுப் பையனும் கூட. எல்லாரும் போகலாமா?

பையன் வேண்டாம். நடக்கும் தூரத்தில் நீமோ அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது, பச்சைக் கப்பல் மாதிரிக் கட்டடம். அவனை யாராவது ஒருவர் அங்கே கூட்டிப்போங்கள். மாமியாரை நீங்களே தீர்மானித்து விட்டுவிட்டுப் போகாதீர்கள், அவர்களைக் கேளுங்கள். என் மாமியார் 68 வயதில் வந்தார்கள். எங்கள் எல்லாரையும்விட நிதானமாக முழுதும் கேட்டது அவர்கள்தான். வெளியே வந்து, "இந்தக் குளிர்ல அந்த உடுப்போட எத்தனை மணி நேரம்டி உட்காருவாங்க?" என்று ஒன்றுதான் கேட்டார்கள். முழங்கால் வலி இருந்தால் மட்டும் அந்தப் படிகளை யோசியுங்கள்.

சென்னையிலிருந்து: ஜன்னல்ல உட்கார்றவங்களுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறாங்க? முதலாளி யாரு?

சம்பளமே கிடையாது. அறையை ஒரு ஷிஃப்டுக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். சுயதொழில் செய்கிறவராக வணிகப் பதிவகத்தில் பதிந்து, வரி கட்டுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2013 முதல் 21 வயது ஆகியிருக்க வேண்டும். வாடகை ஷிஃப்டுக்கு நூறு யூரோவுக்கு மேல். மழை பெய்தாலும், தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் அது குறையாது. நாள் வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுகிறவரைக் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்வார்: முதல் சில சவாரி வண்டிக்காரனுக்கு, அப்புறம்தான் நமக்கு. வருகிற ஆளை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வாடகைக் காசு இன்னும் சேராத இரவில் அந்த உரிமை எவ்வளவு தூரம் தாங்கும்?

இந்தக் கேள்வியிலிருந்துதான் 2017-இல் ‘மை ரெட் லைட்’ என்று ஒரு முயற்சி வந்தது. 14 ஜன்னல்கள், தொழில் செய்கிறவர்களே நடத்தும் அறக்கட்டளை என்பது திட்டம்.

மதுரையிலிருந்து: அங்கே ஆதியிலிருந்தே இது சட்டப்படி சரின்னு விட்டுட்டாங்களா?

இல்லவே இல்லை. விடுவதும் பிடிப்பதுமாக அறுநூறு வருடம். அருங்காட்சியகத்தில் இதைச் சில பலகைகளில் முடித்துவிடுகிறார்கள் என்பது என் குறை. அதனால் இங்கே கொஞ்சம் நீட்டுகிறேன்.

1413-இல் நகர ஆணை ஒன்று: எங்கள் ஊர் மாதிரி வணிக நகரத்துக்கு இந்தப் பெண்கள் தேவை, திருச்சபையே பொறுத்துக்கொள்கிறது, ஆகவே விடுதிகளை முழுக்கத் தடை செய்ய மாட்டோம். விடுதி நடத்தும் உரிமையோ நகரத்தின் சட்ட அதிகாரிக்கும் அவருடைய சேவகர்களுக்கும்! காவல்காரனே கல்லாப்பெட்டியில் உட்கார்ந்த காலம் அது. 1578-இல் ஆட்சி புராட்டஸ்டண்டுகள் கைக்குப் போனது, தொழில் குற்றமாயிற்று. 1597-இல் ‘ஸ்பின்ஹவுஸ்’ வந்தது. பெண்களை அடைத்து நூல் நூற்க வைக்கும் திருத்தல் சாலை. ஏழைப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறோம் என்று ஆரம்பித்தது, சீக்கிரமே இந்தத் தொழிலில் பிடிபட்டவர்களுக்கான சிறையாகிவிட்டது.

இந்த இடம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தச் சிறைக்கு வெளியாட்கள் காசு கொடுத்து உள்ளே போய், நூற்றுக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்த்துவிட்டு வரலாம். ஊருக்கு வரும் பயணிகள் பார்க்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று. கட்டடம் எங்கே இருக்கிறது தெரியுமா? அருங்காட்சியகம் இருக்கும் அதே கால்வாய்க் கரையில், சில நிமிட நடையில். வாசலுக்கு மேல் கல்லில் பொறித்திருப்பதன் சாரம்: அஞ்சாதே, நான் பழிவாங்கவில்லை, நல்வழிக்குக் கட்டாயப்படுத்துகிறேன்; என் கை கடுமை, மனம் இனிமை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போகும் நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேனோ என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். முக்காலி அங்கே இருப்பதால் கொஞ்சம் மனசு ஆறுகிறது.

பிறகு நெப்போலியன் ஆட்சி. படைவீரர்களுக்கு நோய் வரக்கூடாது என்று பெண்களைப் பதிவு செய்து, கட்டாய மருத்துவச் சோதனை. சோதனை பெண்ணுக்கு மட்டும். வந்து போகும் ஆணுக்கு இல்லை. இதே வேலையைத்தான் ஆங்கிலேயர் இந்தியாவில் 1868 தொற்றுநோய்ச் சட்டத்தில் செய்தார்கள். நோய் கண்ட பெண்களை அடைத்து வைத்த ‘லாக் ஆஸ்பத்திரி’ மதராஸில் இருந்தது அதற்காகத்தான். 1888-இல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள்.

நெதர்லாந்தில் 1911-இல் விடுதி நடத்துவதும் அதில் லாபம் பார்ப்பதும் குற்றம் என்றது சட்டம். உடலை விற்பது குற்றமில்லை. பல காலம் அதிகாரிகள் பார்த்தும் பாராமல் இருந்தார்கள். அதற்கு டச்சில் ‘கெடோகன்’ என்று தனிச் சொல்லே உண்டு. 2000 அக்டோபர் 1-இல் அந்தத் தடையை நீக்கினார்கள். நம் நாட்டின் 1956 சட்டம் (ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டம்) பெரும்பாலும் அவர்களுடைய அந்த 1911 இடத்தில்தான் நிற்கிறது: தொழில் தன்னளவில் குற்றமில்லை, விடுதி நடத்துவது, பொது இடத்தில் ஆள் கூப்பிடுவது, அந்த வருமானத்தில் பிறர் பிழைப்பது குற்றம்.

டொராண்டோவிலிருந்து: சட்டபூர்வம் என்றால் கட்டாயப்படுத்துவது, ஆள் கடத்தல் எல்லாம் ஒழிந்துவிட்டதா?

ஒழியவில்லை. காதலிப்பதாக நடித்து ஒரு பெண்ணை இதில் தள்ளிச் சம்பாதிப்பவனுக்கு இங்கே ‘லவர்பாய்’ என்று பெயர், பள்ளிக்கூடத்திலேயே எச்சரிக்கிறார்கள். ஜன்னலில் இருப்பவர்களில் ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரியிலிருந்து வந்தவர்கள் நிறைய. யார் விரும்பி வந்தார், யாரை யார் அனுப்பினார் என்று கண்ணாடிக்கு வெளியே நின்று உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாது. அருங்காட்சியகம் கடத்தலைப் பேசுகிறது. ஆனால் பேசுகிற குரல் ரொம்ப இதமாக இருக்கிறது, எனக்குப் போதவில்லை.

அதே சமயம், எல்லாரும் பாவப்பட்டவர்கள் என்று கண்ணீர் விட்டால் அவர்களில் பலருக்குக் கோபம் வரும். 1985-லேயே ‘ரோட த்ராட்’, அதாவது சிவப்பு நூல், என்று இவர்கள் உரிமைக்காக அமைப்பு வந்துவிட்டது. 2015-இல் ‘ப்ரௌட்’ என்ற சங்கம். போலீஸ் பாதுகாப்பும் வங்கிக் கணக்கும் வாங்கித் தாருங்கள், இரக்கம் வேண்டாம் என்பது அவர்கள் பேச்சு.

சிங்கப்பூரிலிருந்து: போட்டோ எடுக்கலாமா?

அருங்காட்சியகத்துக்குள் எடுங்கள், முக்காலியில் உட்கார்ந்தும் எடுங்கள். தெருவில் ஜன்னல்களை எடுக்கவே கூடாது. பலருடைய வீட்டில் இந்த வேலை தெரியாது. ஜன்னல் ஓரமாகச் சுற்றுலாக் கூட்டம் கூட்டிப்போவதையும் 2020-இல் நகராட்சி நிறுத்திவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து: தமிழில் இவர்களை என்னவென்று சொல்வது? எந்த வார்த்தையும் சரியாக வரவில்லையே.

நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்? பரத்தை, கணிகை, தாசி, விலைமகள். எல்லாம் அவளைப் பார்க்கிறவன் வைத்த பெயர். வருகிறவனுக்கு ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்! பாலியல் தொழிலாளி என்பதைத்தான் நான் சொல்கிறேன். அதிலும் சண்டை உண்டு. 2023-இல் நம் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட சொற்கையேடு இந்தச் சொல்லைத்தான் பரிந்துரைத்தது. கடத்தலை எதிர்க்கும் அமைப்புகள், எல்லாரும் விரும்பித் தொழிலாக எடுத்தவர்கள் போல இது காட்டுகிறது என்று எழுதினார்கள். அதே வருடம் கையேட்டைத் திருத்தினார்கள். ஒருவரோடு நேரில் பேச வாய்த்தால் அவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள்.

பெயர், ஊர் வேண்டாம் என்றவர்: இதற்கெல்லாம் ஒரு அருங்காட்சியகமா? நம் பண்பாட்டில் இப்படி உண்டா?

மருதத் திணையில் தலைவி எதற்கு ஊடுகிறாள் ஐயா? மாதவி இல்லாமல் சிலப்பதிகாரம் உண்டா? இரண்டையும் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள்தானே நாம்.

பெங்களூரிலிருந்து: அக்கா, அருங்காட்சியகம் முடிந்ததும் வேறு எங்கே போகலாம்?

பழைய தேவாலயத்துக்குப் போங்கள். அவுதே கெர்க், 1306-இல் நேர்ந்தளித்தது, நகரத்திலேயே பழைய கட்டடம். அதைச் சுற்றியே ஜன்னல்கள். அந்த முற்றத்தில் வாசற்படியில் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நிற்கும் ஒரு வெண்கலப் பெண், பெயர் பெல்ல, 2007-இல் வைத்தது. உலகெங்கும் உள்ள பாலியல் தொழிலாளர்களை மதியுங்கள் என்று கீழே எழுதியிருக்கும். அதை வைக்க முயற்சி எடுத்தவர் மரிஸ்கா மயோர். முன்பு இதே தொழிலில் இருந்தவர். பக்கத்துச் சந்தில் 1994-இல் தகவல் மையம் ஒன்றையும் அவர்தான் தொடங்கினார். நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு அந்த மையத்துக்குப் போங்கள் என்பேன். அங்கே பதிவு செய்த குரல் இல்லை, ஆள் பேசுவார்.

நெல்லையிலிருந்து: அந்தப் பகுதியையே மூடப்போறாங்கன்னு படிச்சேன். நிஜமா?

2007 முதலே குறைக்கிறார்கள். குற்றக் கும்பல்களை விரட்டுகிறோம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஜன்னல்களை மூடினார்கள். இப்போதைய மேயர் ஃபெம்கே ஹால்செமா, நகரத்தின் தெற்கே ஒரே கட்டடத்துக்குப் பலரை மாற்றலாம் என்கிறார். 2023 கடைசியில் இடமும் தேர்ந்தார்கள். அங்கே குடியிருப்பவர்கள் வேண்டாம் என்கிறார்கள். தொழில் செய்கிற பெண்களும் வேண்டாம் என்கிறார்கள்: தெருவில் கூட்டம் இருப்பதே எங்களுக்குக் காவல், கூச்சல் போடுவது குடித்துவிட்டு வரும் சுற்றுலாக்காரன், தண்டனை எங்களுக்கா என்று.

சேலத்திலிருந்து: உங்களை அங்கே ரொம்ப உறுத்தினது எது?

கொலையான பெண்களை நினைவுகூரும் இடம் ஒன்று உள்ளே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அங்கே நிற்பதில்லை. நானும் முதல் தடவை தாண்டிப் போய்விட்டேன்.

2009-இல் இந்தப் பகுதியில், தன் வேலை அறையிலேயே கொல்லப்பட்டாள் ஹங்கேரியைச் சேர்ந்த 19 வயதுப் பெண் ஒருத்தி. கொலைகாரன் அகப்படவில்லை. 2024 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் போலீஸ் ஒரு ஜன்னலில் அவளை ஒளியுருவமாக (ஹோலோகிராம்) உட்கார வைத்தது. போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும், தெரிந்தவர் யாராவது வாய் திறக்க வேண்டும் என்பதற்காகவே வைத்த ஜன்னல் அது. முக்காலியில் இருந்த அந்த உருவம் முன்னால் குனிந்தது, கண்ணாடியில் மூச்சை ஊதியது, படிந்த ஆவியில் ‘உதவி’ என்ற சொல் தெரிந்தது.